மாமா இருக்கும் டிரைவ்

ஜூன் 4

அன்புள்ள கண்ணுக்கு,

நலம்தானே? போனில் கூப்பிட்டால் "சொல்லுங்கத்தை, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிச் சட்டென்று வைத்துவிட முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு அடுத்த மாதம் இரண்டாம் கல்யாணம். யார் மூலமாவது உன் காதுக்கு வந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லாமல் இருப்பது சரியில்லை. பெண் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள்.

விஷயம் இதுதான். நீ போட்டோவெல்லாம் போட்டு வைத்தாயே, கறுப்பு டிரைவ், அதை மொத்தமாக அழிக்கச் சொல்கிறான். "அவ வந்து பாத்தா மனசு கஷ்டப்படாதாம்மா?" என்கிறான். "அதுல உங்கப்பா இருக்காரேடா" என்றேன். "அப்பாவ மட்டும் தனியா எடுத்து வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். மாமா சிரிக்கிற படத்தில் ஓரமாக உன் முழங்கை இருக்கிறது. முறைக்கிற படத்தில் அவர் முறைப்பதே உன்னைத்தான். இதில் யாரை எங்கே பிரிப்பது?

நீ ஸ்கேன் சென்டரில் இதே வேலைதானே பார்க்கிறாய். காப்பி எடுப்பது எப்படி என்று எழுது. உனக்கும் ஒன்று எடுக்கட்டுமா?

அன்புடன்,
அத்தை

ஜூன் 11

அத்தைக்கு,

வணக்கம். கல்யாணச் செய்தி தெரியும். நல்லபடியாக நடக்கட்டும்.

எனக்குக் காப்பி எதுவும் வேண்டாம்.

இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். புதிதாக இரண்டு டிரைவ் வாங்குங்கள். ஒன்று போதாது. சென்டரில் நோயாளிகளின் படங்களை நாங்கள் ஓரிடத்தில் மட்டும் வைப்பதே இல்லை. பழையதில் இருப்பதைக் காப்பி செய்ய வேண்டும், கட் செய்யக் கூடாது. கட் செய்யும்போது கரண்ட் போனால் அங்கேயும் இருக்காது, இங்கேயும் இருக்காது. ஒயரை நடுவில் பிடுங்காதீர்கள். பக்கத்தில் மேசையைத் துடைக்கிறேன் என்று டிரைவை நகர்த்தவும் வேண்டாம் (உங்களைத் தெரியும்).

முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு போல்டரிலும் நாலு படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். எல்லாம் திறந்தால் அதன் பிறகு உங்கள் மகன் எதை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நான்தான்

ஜூன் 20

அன்புள்ள கண்ணுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். கடைக்காரர் "எத்தனை டெரா வேணும்?" என்றார். "முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன் அடங்கணும்" என்றேன். சிரித்துவிட்டு இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

மேசையைத் துடைக்கவில்லை. சத்தியமாக.

பாதிவரைக்கும் ஒழுங்காகப் போனது. அப்புறம் பழைய டிரைவுக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மறுபடி மாட்டினேன், மறுபடி நின்றது. காப்பி ஆனதைத் திறந்து பார்த்தால், மாமா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாரே, அந்தக் கடைசி வருடம் முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள்தான். ஒரு முகம்கூட இல்லை.

சத்தம் கேட்டு அவன் வந்தான். "விடும்மா, அதுவே செத்துப் போச்சு. நமக்கு வேலை மிச்சம்" என்றான். "உங்கப்பன் ரெண்டாந்தடவை சாகறாருடா, உனக்கு வேலை மிச்சமா?" என்று கேட்டேன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஏதாவது வழி இருக்கிறதா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது. சமாளித்துக்கொள்வேன்.

அத்தை

ஜூன் 29

அன்புள்ள அத்தை,

அந்த டிரைவை இனி மாட்டவே மாட்டாதீர்கள். மாட்ட மாட்ட இன்னும் கெடும்.

உங்கள் வீட்டைவிட்டு வந்தபோது நான் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு அதைத் திறக்கவில்லை. நேற்று லீவு, திறந்தேன். கார்டு நிறைந்தால் அழிக்காமல் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவேன் இல்லையா? அதற்காக உங்களிடம் வாங்கிய திட்டு வீண்போகவில்லை. கடைசி வருடத்துக் கார்டுகள் எல்லாம் பைக்குள்ளேயே இருந்தன. ஒன்று மட்டும் திறக்கவில்லை. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

மாமா பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் ரேசரை நீட்டித் திட்டுகிறீர்கள். மாத்திரைக்குப் பயந்து தூங்குகிற மாதிரி நடிக்கிறார், ஒரு கண் திறந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மகன் தரையில் உட்கார்ந்து, மாமாவின் காலை மடியில் வைத்து நகம் வெட்டுகிறார். சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டுகிறார். எடுத்தது நான்தான். ஆனால் இப்படியொரு படம் இருப்பதே எனக்கு நினைவில்லை. அவரை நினைத்தாலே கோபம் வந்த நாட்கள் அவை. அந்தப் படத்தை மூட மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாவற்றையும் ஒரு டிரைவில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். திறந்து சரிபார்த்துவிட்டேன். நீங்களும் பாருங்கள். எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தேன். ஒரு காப்பி வைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
உங்கள் கண்ணு

ஜூலை 27

என் கண்ணுக்கு,

பார்சல் கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பிரிக்கத் தைரியம் வரவில்லை. அலமாரியில் வைத்திருந்தேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணாகவே வந்து, "மாமாவ நான் பாத்ததே இல்லையே, படம் இருந்தா காட்டுங்கத்தை" என்றாள். அவன் பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டான். நான் டிரைவை எடுத்து வந்து மாட்டினேன். கண்ணாடியில் நீ கேமராவோடு தெரிகிற படம் வந்ததும் "இவங்கதானா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். "நல்லா எடுத்திருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். இவன்தான் அழி அழி என்று குதித்தானே தவிர, அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லையாம்.

நகம் வெட்டுகிற படம் வந்தபோது அவன் பேப்பரைக் கீழே வைத்தான். "இது எப்ப எடுத்தது?" என்றான். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசிப் படம் வரை நகரவில்லை. அன்றைக்கு ராத்திரி நான்தான் அவனுக்குப் பரிமாறினேன்.

இதோடு எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், கண்ணு. யாரும் தடுக்கவில்லை. வந்த பெண் என்னை வாய் நிறைய அத்தை என்கிறாள். நான் இங்கே ஒருத்திக்கும் அங்கே ஒருத்திக்கும் அத்தையாக இருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கேமராவை மறுபடியும் பைக்குள் போட்டுவிடாதே.

அத்தை

ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தை,

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொல்வது நியாயம்தான். நானும் எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். படம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு அந்தப் பெண்ணிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

வேலை சம்பந்தமாக ஒன்று மட்டும். எந்த டிரைவையும் ஐந்து வருடத்துக்கு மேல் நம்பக் கூடாது. அதற்குள் புதிதாக ஒன்று வாங்கி மாற்றிவிட வேண்டும். அதை நீங்கள் தனியாகச் செய்யப் பார்க்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டே டிரைவை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். மொத்தமும் காப்பி ஆக அரை நாளாவது பிடிக்கும். அதுவரை நாம் இரண்டு பேரும் பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கண்ணு