அக்காவுக்குச் சொல்லாத செய்தி

செப்ரெம்பர் 12, வெள்ளி. விட்பி

விடிந்ததிலிருந்து மழை. வேலைக்கு லீவு. பெட்டி அடுக்கல்.

பாஸ்போட். என் பிரஷர் மாத்திரை, அக்காவின் சுகர் மாத்திரை. வெயில் கிறீம். தொப்பி இரண்டு. குடை வேண்டாம். மிளகாய்த்தூள் கொண்டுவரக் கூடாது என்று அக்காவுக்குச் சொல்லியாயிற்று. கொண்டுவருவா, தெரியும்.

அக்காவுக்கு அறுபது வயது. அவவின் ஒரே மகள் மதுரா பிறந்தநாள் பரிசாகச் சந்தோரினிக்கு அனுப்புகிறாள். கிறீஸ் நாட்டுத் தீவு. எரிமலை வெடித்து நடுப்பாகம் கடலுக்குள் போய், விளிம்பு மட்டும் மிஞ்சியதாம். துணைக்கு நான். கனடாவுக்கு வந்தபிறகு அக்கா பிளேன் ஏறியது கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும்தான். சும்மா பார்க்கப் போவது இதுவே முதல்தரம். அவவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஆற்றை வீட்டிலை தங்கிறது?"

"ஹொட்டேலிலை."

"ஒரு கிழமையும் ஹொட்டேலிலையோ! விசர்ப் பெட்டை, எவ்வளவு வீண்செலவு."

தாலிக்கொடியை வைத்துவிட்டு வா, வழியில் களவு போகும் என்றேன். கத்திவிட்டா. "கழுத்தை வெறுமனே விட்டுட்டோ போறது?" அந்தாள், அக்காவின் புருஷன், வீட்டை விட்டுப் போகும்போது மதுரா பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது வேலை செய்கிறாள். மொன்றியலில் ஒருத்தியோடு இருந்தார், அங்கும் சரிவராமல் திரும்பி வந்து ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் கிடக்கிறார். மதுரா மட்டும் இடைக்கிடை போய்ப் பார்ப்பாள். அக்கா போகவும் இல்லை, பிரியவும் இல்லை. பொட்டு, கொடி, திருமதி எல்லாம் அப்படியே. எனக்கு நினைக்க நினைக்கப் பத்திக்கொண்டு வரும். நாளைக்கு மூன்று மணிக்கு மோர்னிங்சைட்டில் அக்கா வீட்டுக்குப் போய் அவவை ஏற்ற வேண்டும்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு. சந்தோரினி

நல்ல வெயில். தொப்பியைப் பறிக்கிற காற்று. பிளேன், பிறகு கப்பல், பிறகு பஸ். இடுப்பு விட்டுவிட்டது.

ஆனாலும் என்ன இடமப்பா. மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. உச்சியில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு, "உவங்கள் உதிலை எப்பிடியடி வீடு கட்டினவங்கள்?"

ஹொட்டேல்காரி வயதானவ. மேலிருந்து கீழ்வரை கறுப்பு உடுப்பு. புருஷன் செத்த நாளிலிருந்து அப்படித்தானாம். அவவின் மருமகள் இங்கிலிஸில் சொன்னாள். அக்கா அவவையே பார்த்துக்கொண்டிருந்தா. "பாவம். இஞ்சையும் உதுதானோ."

இரவுச் சாப்பாட்டில் மஞ்சளாக ஒன்றைக் களியாய் அரைத்து, வெங்காயம் போட்டுத் தந்தார்கள். இந்தத் தீவின் விசேஷ உணவாம். அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்தா. "உது பருப்படி! தேங்காய்ப்பால் விடாத பருப்பு!" சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மிளகாய்த்தூள் வெளியே வந்தது. சொன்னேனே.

செப்ரெம்பர் 15, திங்கள்

காலை: வெள்ளைப் படிகள், கழுதைகள், கடைகள். அக்கா மதுராவுக்கு ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கினா. எனக்குக் கால் கொப்புளம்.

மத்தியானம் அக்கா படுத்திருக்க மதுராவின் போன். அங்கே விடியப்புறம். அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"சித்தி, அப்பா... ஹி பாஸ்ட், சித்தி. நெஞ்சுக்குள்ள நோகுதெண்டு தானே அம்புலன்ஸ் கூப்பிட்டவராம். நான் போக முதலே முடிஞ்சுது."

வெளியில் வந்து படியில் இருந்துவிட்டேன். இந்தாள் சாகவும் ஒரு நேரம் பார்த்தார் என்றுதான் முதலில் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது.

லண்டனிலிருந்து அவரின் தம்பி வரவேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பார்வைக்கு வைத்து, திங்கள் தகனம். எங்கள் ரிக்கற் சனிக்கிழமை. எப்படியும் போய்ச் சேருவோம்.

"அம்மாக்கு இப்ப சொல்லாதேங்கோ, ப்ளீஸ். அவ லைஃப்லயே இது ஒண்டுதான் ஹொலிடே. வந்தாப்பிறகு நான் சொல்லுறன்."

ஓம் என்றுவிட்டேன். யோசிக்காமல் சொன்ன ஓம்.

அறைக்கு வந்தால் அக்கா எழும்பிக் கண்ணாடி முன் பொட்டு வைக்கிறா. "என்னடி, முகம் செத்துக்கிடக்கு?" கால் நோகுது என்றேன்.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

வெயில். கறுப்பு மணல் கடற்கரை. கால் வைக்க முடியாத சூடு.

அக்காவின் போனில் இன்ரநெற்றை நிற்பாட்டி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் யாராவது அனுதாபச் செய்தி போட்டால் துலைந்தது. "என்னடி, ஒண்டும் வேலை செய்யுதில்லை?" "தீவுதானே அக்கா, அப்பிடித்தான்." நம்பிவிட்டா. பக்கத்து மேசையில் ஒரு பெடியன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். நல்லகாலம், கவனிக்கவில்லை.

மத்தியானம் மீன். சுட்ட மீன், எலுமிச்சம்புளி. அக்கா முள் எடுத்து எடுத்து ஆசையாகச் சாப்பிட்டா. நான் என் தட்டில் மீனைக் கிளறிக்கொண்டிருந்தேன். அக்கா செத்தவரின் மனைவி. சாவுத் தீட்டில் மீன், மச்சம் தொடக் கூடாத துடக்குக்காரி. அவவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு முன்னால் இருந்து பார்க்கிறேன்.

அம்மா இருந்த காலத்தில் சொல்லுவா, தூரத்துச் சாவுக்குக் காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறேன். நான் வாய் திறக்கும்வரை அக்கா சுமங்கலி. பொட்டு வைக்கலாம், மீன் சாப்பிடலாம், சிரிக்கலாம். என் வாயிலிருந்து ஒரு வசனம் வந்தால் எல்லாம் போச்சு. இப்படி ஒரு அதிகாரத்தை நான் கேட்டேனா?

பின்னேரம் மச்சாளின் போன். அந்தாளின் அக்கா. குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கதைத்தேன்.

"மனிசி வராமல் பெட்டி மூடேலாது பிள்ளை. தாலி கழட்டி உள்ளுக்கு வைக்கவேணும். சனம் பார்த்துக்கொண்டு நிக்கும். மொன்றியல்காரியும் வாறாவாம். அவ முன்னுக்கு வந்து நிண்டால் எங்களுக்கு மானம் போகுமெல்லோ?"

உங்கள் மானத்துக்கு என் அக்காவின் கழுத்தா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "வருவம் மச்சாள்" என்றேன். வெளியில் வந்தால் அக்கா கேட்கிறா, வயிற்றாலை போகுதோ என்று. ஓம், மீன் ஒத்துக்கொள்ளவில்லை.

செப்ரெம்பர் 17, புதன்

காற்று குறைவு. சொல்லிவிட்டேன். மதுராவிடம் என்ன முகத்தோடு கதைப்பேன் தெரியவில்லை.

நடந்தது இது. ஓயா என்ற ஊருக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கோவில். வெள்ளைச் சுவர், நீல உச்சி, உள்ளே நாலு பேர் நிற்கலாம். மாதா படம், மணல் தட்டில் மெழுகுதிரிகள். அக்கா எந்தச் சாமியையும் விடமாட்டா. மூன்று திரி எடுத்தா. ஒன்று மதுராவுக்கு. ஒன்று எனக்கு, கால் கொப்புளம் ஆறவேணுமாம். மூன்றாவதைக் கொளுத்திவிட்டு மெதுவாகச் சொன்னா:

"உது அந்தாளுக்கு. காலிலை புண் ஆறுதில்லையெண்டு மதுரா சொன்னவள். தனிய இருக்கிற மனிசன்."

என்னால் ஏலவில்லை. செத்தவரின் கால்புண்ணுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு நிற்கிறா. கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். மதிலில் இருத்தினேன். சொன்னேன்.

அக்கா அழவில்லை. கடலையே பார்த்தா.

"எப்ப?"

"திங்கள், அக்கா."

"அப்ப நேற்று மீன் சாப்பிடேக்கை உனக்குத் தெரியும்."

"ஓம்."

"முள் பார்த்துச் சாப்பிடு எண்டும் சொன்னனீ."

ஒரு சோடி கல்யாண உடுப்போடு படம் எடுக்க வந்தது. அவர்களுக்கு இடம்விட்டு நாங்கள் தள்ளி இருந்தோம். பொம்பிளை எங்களுக்குக் கை காட்டினாள். அக்காவும் காட்டினா.

பிறகு என் பக்கம் திரும்பினா. கோபம். என் சீவியத்தில் அக்காவிடம் நான் கண்டிராத கோபம்.

"ஏன்டி சொன்னனீ? இவ்வளவும் பொத்தி வைச்சனீ, இன்னும் கொஞ்சம் வைச்சிருந்தால் என்ன? நாளைக்கு எரிமலைக்குக் கப்பல் இருக்குதெல்லே?"

"மெழுகுதிரி கொளுத்தினதைப் பார்க்கேலாமல்..."

"உனக்குப் பார்க்கேலாமல்! உன்ரை நெஞ்சுப் பாரத்தை இறக்கிறதுக்கு என்ரை தலையோ கிடைச்சுது?"

சுருக்கென்றது. சரியான கதைதான் என்று இப்போது எழுதும்போதும் தோன்றுகிறது.

நெடுநேரம் கழித்து அக்காவே எழும்பினா. சீலையைத் தட்டினா. "நீ எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. விளங்குதோ? பியர்சன் எயார்போட்டிலை இறங்கினாப்பிறகு சொல்லு. அதுக்குப் பிறகு நான் செய்யிறதெல்லாம் செய்யிறன். வெள்ளை கட்டுறன், எல்லாம் கட்டுறன். அந்தாள் இல்லாமல் இவ்வளவு வருசம் அந்தாளின்ரை பெஞ்சாதியா இருந்தனான். இந்த ரெண்டு மூண்டு நாள் எனக்கு வேணும்."

"துடக்கு, அக்கா..."

"கேட்டால்தானே துடக்கு."

செப்ரெம்பர் 18, வியாழன்

வெயில். கப்பல் பத்து மணிக்கு. அக்கா எனக்கு முன்னமே வெளிக்கிட்டு நின்றா. அரக்குச் சீலை, பெரிய பொட்டு, மேலே என் தொப்பி.

எரிமலைத் தீவு முழுக்கக் கறுப்புக் கல். ஒரு மரம் இல்லை, ஒரு புல் இல்லை. ஏற்றம். அக்கா மூச்சு வாங்க வாங்க ஏறினா. நில் என்றால் நிற்கிறா இல்லை. உச்சியில் சில வெடிப்புகளிலிருந்து ஆவி. நெருப்புக்குச்சி மணம். வழிகாட்டிப் பெட்டை நிலத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அக்கா குந்தி உள்ளங்கையை வைத்தா. "சுடுகுதடி. உள்ளுக்கு இன்னும் நெருப்புக் கிடக்குதாம், கேட்டனியே?" எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தா.

படம் எடு, வடிவாக எடு என்று நச்சரித்தா. எடுத்தேன். எல்லாவற்றிலும் சிரிக்கிறா. நடிப்பா உண்மையா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. உண்மைதான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பும்போது சுடுதண்ணிக் கடல். மண்ணிறத் தண்ணி. சனம் கப்பலிலிருந்து குதித்தது. அக்காவுக்கு நீந்தத் தெரியாது. ஏணியின் கடைசிப் படியில் இருந்துகொண்டு முழங்கால்வரை காலைத் தண்ணிக்குள் விட்டா. சீலை நனைந்து ஊறிப்போச்சு. கப்பல்காரன் சத்தம் போட்டான். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. அவவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான்தான் அழுதேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது நல்லதாய்ப் போச்சு.

செப்ரெம்பர் 19, வெள்ளி. அதென்ஸ்

கப்பலில் அரை நாள். முகில். காலையில் சந்தோரினியில் விடைபெறும்போது ஹொட்டேல்காரி அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. அவவுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது, வயதுபோனவர்கள் அப்படித்தான்.

பின்னேரம் பெட்டி அடுக்கும்போது அக்கா திடீரென்று: "என்னட்டை வெள்ளைச் சீலை ஒண்டும் இல்லை. மதுராட்டைச் சொல்லி ஒண்டு..." நிறுத்திவிட்டா. "இல்லை. சொல்லாதை. எனக்குத்தான் ஒண்டும் தெரியாதே."

இரவுச் சாப்பாட்டுக்கு மீன் எடுக்கவா என்று கேட்டேன். வேண்டாமாம். மரக்கறி. ஏன் என்று நான் கேட்கவில்லை.

செப்ரெம்பர் 20, சனி. மோர்னிங்சைட், அக்கா வீடு

ரொறொன்ரோவில் மழைத் தூறல், குளிர். பிளேனில் அக்கா கண்ணை மூடியபடி. நித்திரை இல்லை.

குடிவரவு முடிந்து பெட்டி எடுக்கும் இடம். மதுரா வெளியில் நிற்கிறாள், மச்சாளும் வந்திருக்கிறாவாம், மெசேஜ். அக்கா முகத்தைத் துடைத்தா. பொட்டைத் துடைக்கவில்லை. பெட்டிகள் வந்தன. தூக்கி வண்டிலில் வைத்தேன். கதவுப்பக்கம் தள்ளத் தொடங்கினேன்.

"நில்லு."

நின்றேன். அக்கா என் முன்னால் வந்து நேராக நின்றா, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு.

"ம். இப்ப சொல்லு."

என்ன அக்கா என்றேன். எனக்கு விளங்கியது. ஆனால் வாய் வரவில்லை. ஒருதரம் சொன்னதைத் திரும்பச் சொல்வது அவ்வளவு கஷ்டமா? ஓம், கஷ்டம். முதல்தரத்தைவிடக் கஷ்டம். அக்கா பொறுத்துக்கொண்டு நின்றா.

"அக்கா. அத்தான் மோசம் போயிட்டார்."

அவவின் முகம் உடைந்தது. நிலத்தில் இருந்துவிட்டா. பியர்சன் எயார்போட்டின் நடுவில், அத்தனை சனத்துக்கும் முன்னால், நெஞ்சில் அடித்துக்கொண்டு குளறினா.

"ஐயோ, என்னை விட்டிட்டுப் போட்டியளே! என்னை விட்டிட்டுப் போட்டியளே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வண்டிலை விட்டுவிட்டு அவவைப் பிடித்துக்கொண்டேன்.