மிஞ்சிய சிப்பிகள்

குட்டிம்மா,

காலையில் மூன்று முறை போன் செய்தும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

துறைமுகத் தண்ணீரில் பாதரசம் கலக்கிறதா என்று பார்க்க, நம் வீட்டருகே கடலில் எடுத்த சிப்பிகளைத்தான் அங்கே கூண்டில் தொங்கவிடுவோம்; தண்ணீரில் பாதரசம் இருந்தால் சிப்பியின் சதையில் சேரும். நம் கடல் சுத்தம் என்ற நம்பிக்கையில், தொங்கவிடும் முன் அவற்றைச் சோதித்ததே இல்லை. கூண்டிலிருந்து எடுத்துப் பார்த்தால் பாதரசம் இருக்கும்; ஆறு வருடமாகத் துறைமுகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று தொங்கவிடும் முன்பே சோதித்தேன். நம் சிப்பியிலேயே பாதரசம்.

கூண்டுக்குப் போக மிஞ்சியதை வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். "வயித்துல புள்ள இருக்கு, சாப்பிடலாமாங்க?" என்றாய். "சோதிக்கிறவனே சொல்றேன், பயப்படாம சாப்பிடு" என்றேன்.

இதைப் படித்ததும் டாக்டரிடம் போய் ரத்தத்தில் பாதரசம் பார்க்கச் சொல். என்னை அப்புறம் திட்டிக்கொள்.

பிள்ளை உதைக்கும்போதெல்லாம் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்