கோணலாகப் போன திருகாணி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் திருப்புளியைக் கேட்காமல் எடுத்துப் போனேன். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பையன்கள் கதவைத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். தலைமையாசிரியரிடம் சொன்னதற்கு, "பசங்கன்னா அப்படித்தான்மா. நீங்க தண்ணியக் கொறச்சுக் குடிங்க" என்றார். அவருடைய கழிப்பறைக்குப் பூட்டே இருக்கிறது.

உங்களிடம் வந்து அழுதேன். ஊரில் பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட தச்சர் நீங்கள். "பொம்பளப் புள்ள கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றீர்கள். எதை அப்பா அனுசரிப்பது? மூத்திரத்தையா?

நேற்று நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு தாழ்ப்பாளை மாட்டிவிட்டோம். பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்திவிட்டோமாம். கதவைத் தள்ளியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளை காலை உங்களை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்காகக் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்காதீர்கள். அந்தக் கதவை மட்டும் ஒருமுறை சாத்திப் பாருங்கள். கீழ்த் திருகாணி கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. அது என் தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

இன்று பள்ளியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்த
உங்கள் மகள்