சஹனில் நாலாவது கை

பிப்ரவரி 4, 2025. செவ்வாய்

என் தட்டின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள் உம்மா. டம்ளரிலும். எனக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. பொட்டு இன்றுதான் வந்தது. நேற்று தஞ்சாவூர் டாக்டர் இரண்டாவது மாத்திரையும் எழுதிவிட்டார் அல்லவா. ஒரு மாத்திரைக்கு அடங்காத கிருமி, அவள் பார்வையில், பாத்திரம் ஏறி நடக்கும்.

தட்டு வழியாக ஒட்டாது, ரத்தம் வழியாகத்தான் என்றேன்.

"படிச்சவ சொல்றே. சரியாத்தான் இருக்கும்" என்றாள். பொட்டு காய்வதற்காக ஊதிக்கொண்டே.

பிப்ரவரி 5

ஒரு மாத்திரை சாப்பாட்டோடு. மற்றது வெறும் வயிற்றில். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் எதுவும் கூடாது. ஒரே வீட்டில் முகம் பார்க்காத இரண்டு ஓரகத்திகள். இரண்டும் சேர்ந்தால் கிருமியின் எண்ணிக்கை இறங்குமாம். இறங்கும். போகாது. 'வாழ்நாள் முழுக்க' என்பதை டாக்டர் கல்யாண வாழ்த்து மாதிரிச் சொன்னார்.

பிப்ரவரி 17

பக்கத்து வீட்டுக் கமலவல்லி அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். உம்மா ஊருக்குச் சொல்லியிருப்பது மஞ்சக்காமாலை. மூன்று வருடமாகக் காமாலை. அதிராம்பட்டினத்தில் ஒருவர்கூட வியக்கவில்லை. காமாலை வந்தவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பான், எனக்குக் கிடைக்கமாட்டான் – அவ்வளவுதான் இதன் மருத்துவம்.

"உப்பில்லாம மோர்ல குடி. கண்ணு வெளுத்துரும்."

என் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அவர் போனதும் முருங்கைக்கு ஊற்றினேன். இந்தத் தெருவிலேயே ஆரோக்கியமான ஈரல் அந்த மரத்துக்குத்தான்.

பிப்ரவரி 23. ஞாயிறு

சாச்சி மகளுக்கு ஏப்ரலில் கல்யாணம். உம்மா தன் தங்கையிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. இர்ஃபானாவுக்கு – எனக்குத்தான் – வயிறு சரியில்லை, சஹனில் உட்காரமாட்டாள், உள் அறையில் தனியாகக் கொடுத்துவிடலாமாம்.

எங்கள் விருந்தில் ஒரு சஹனுக்கு, ஒரே பெரிய தாம்பாளத்துக்கு, நாலு பேர். மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிறவர் தாம்பாளத்தைக் கீழே வைக்கமாட்டார். "நாலாவது கை எங்க?" என்று நின்றுகொண்டே கேட்பார். சின்ன வயதிலிருந்து சாச்சி மகளின் சஹனில் நாலாவது கை நான். எம்.ஏ.வில் சமூக விலக்கம் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

போவேன். வெளியில்தான் உட்காருவேன். தடுக்கட்டும் பார்க்கலாம்.

மார்ச் 9. எட்டாம் நோன்பு

பள்ளிவாசல் கஞ்சி ஊருக்கெல்லாம் ஒரே அண்டாவிலிருந்து வருகிறது. எங்கள் வாசற்படி தாண்டியதும் பொட்டு வைத்த கிண்ணம், பொட்டு வைக்காத கிண்ணம்.

மார்ச் 13

டாக்டர் இந்த முறையும் கேட்டார்: வீட்டில் எல்லாரும் பரிசோதனை செய்துவிட்டார்களா? வாப்பாவுக்கு சார்ஜா விசாவுக்காக எடுத்தார்கள். கிருமி இல்லை. உம்மா மட்டும் எடுக்கவே இல்லை. எனக்குப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்று அவர் முதல் வருடமே சொன்னார். அதை நான் உம்மாவிடம் சொன்னதில்லை. பெருந்தன்மை இல்லை. கையில் ஒரு கல்லை வைத்திருப்பது பிடித்திருந்தது.

ஏப்ரல் 8. செவ்வாய்

இன்று கல்லை எறிந்தேன். சாப்பிடும்போது பொட்டு டம்ளரில் அவள் தவறிப்போய்த் தண்ணீர் குடித்து, ஓடிப்போய்க் கொப்பளித்தாள். கொப்பளித்தாள்! என்னால முடியல. நீ முதல்ல டெஸ்ட் எடுத்துட்டு வா, அப்புறம் பொட்டு வை என்று கத்தினேன்.

"எடுத்துக் காட்டுறேன்டீ. அப்பவாச்சும் வாய மூடு."

மத்தியானமே பட்டுக்கோட்டை லேபில் கை நீட்டினாள். நற்சான்றிதழ் வாங்கப் போனவள் மாதிரி, புதுத் துப்பட்டி போட்டுக்கொண்டு.

ஏப்ரல் 9

பாசிட்டிவ்.

மூன்று வருடமாக வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்றுகூட வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அறுத்து முடித்த வயல்கள், ஆடுகள். ஊர் வருவதற்குச் சற்று முன் கேட்டாள்:

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இருந்திருக்குமா?"

இருக்கலாம் என்றேன். உனக்கும் யாரோ கொடுத்ததுதான் என்றும் சொல்லியிருக்கலாம். 

ஏப்ரல் 10

அடுக்களையில் நகப்பூச்சு வாசனை. எட்டிப் பார்த்தேன். தன் தட்டைக் கவிழ்த்துவைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதுவாவது நியாயம் என்று நினைத்தேன். பிறகு, என்ன முட்டாள்தனம், என் முட்டாள்தனத்தையும் சேர்த்து.

ஏப்ரல் 20. ஞாயிறு

கல்யாணம். எந்த விருந்திலும் முதல் சஹனில் முதல் கை வைப்பவள் சைத்தூன் பீவி, என் உம்மா. கொழுப்புத் துண்டைப் பார்த்தவுடன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதில் ஊரில் பெயர் பெற்றவள். இன்று காணோம். உள் அறையில் இருந்தாள். பைக்குள் இரண்டு தட்டு. வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்.

வெளியே பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சாச்சியும் மணப்பெண்ணும் ஒரு விரிப்பில், எதிரே இரண்டு இடம் காலி. பரிமாறுகிற அம்மா சஹனோடு நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு கை குறையுதே?"

உம்மாவை உள் அறையிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் போய் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் காட்சியைப் பல முறை எழுதிப் பார்த்தவள் நான்.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தேன். உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்திருந்தாள். நெய்ச்சோற்றில் ஆவி.

"ஒட்டிடும்டீ" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஒட்டாது."

"சத்தியமா?"

"படிச்சவ சொல்றேன். சரியாத்தான் இருக்கும்."

என்னைப் பார்த்தாள். சோற்றைப் பார்த்தாள். பிஸ்மி சொல்லிக் கை வைத்தாள். என் முன்னால் ஒரு கொழுப்புத் துண்டு இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.