தையல் வகுப்புக்குப் போகாதவள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமா? பயிற்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டேன். அகதிகளாக வந்த பெண்கள் பதினோரு பேரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தையல் வகுப்பில் எழுதிவிட்டார்கள். எனக்குப் பொத்தான்கூடத் தைக்க வராதென்று உங்களுக்குத் தெரியும். பதிவு அலுவலரம்மாவிடம் வெல்டிங் வேண்டுமென்றேன். "அது ஆம்பளைங்க வேலைம்மா. குடுத்ததைப் படிச்சுட்டுப் போ" என்றார். முகாமில் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டபோது, பற்றவைக்க ஆளில்லாமல் ஒன்பது நாள் குடத்தோடு அலைந்தோமே அண்ணா. அந்த வேலைதான் எனக்கு வேண்டும். மூன்று நாளாக வெல்டிங் கூடத்தில் பின்வரிசையில் போய் நிற்கிறேன்.

உங்கள் தங்கை

மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். கூனிக்குறுகிப் போனேன். உனக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு வரவழைத்தவன் நான். உன் தங்கும் அனுமதிக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் எட்டு வருடமாக ஹோட்டலில் தட்டு கழுவுகிறேன். ஒருநாள் முகம் சுளித்திருப்பேனா? நாளையே தையல் வகுப்பில் உட்கார். முடியாதென்றால் எனக்கு எழுதாதே.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். நேற்று பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "உன் பேர் பட்டியல்லயே இல்லையே" என்றார். "சேர்த்துக்குங்க" என்றேன். என் வாயை அடைக்கத்தான் முகக்கவசத்தைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். நான் பற்றவைத்த கோடு மண்புழுபோல நெளிந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. தானே அலுவலகம் போய் என் பெயரை எழுதிவைத்தார். இன்று தையலிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள்.

நீங்கள் முகம் சுளிக்காததைத்தான் அண்ணா, என்னால் தாங்க முடியவில்லை. எட்டு வருடத்தில் ஒருமுறையாவது சுளித்திருக்கலாம்.

உங்கள் தங்கை

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்ற பிறகு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. அண்ணிதான் நீங்கள் நலமென்று சொன்னார்.

தேர்வில் நாம் பற்றவைத்த தகட்டை இயந்திரத்தில் வைத்து வளைப்பார்கள். முதல் தடவை என்னுடையது பிளந்துவிட்டது. வெளியே வந்து அழுதேன், உங்களிடம் மறைப்பானேன். இரண்டாம் தடவை முழுக்க வளைந்தும் ஒரு கீறல் விழவில்லை. படகு பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர்கிறேன்.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க இன்று போனேன். பொறுப்பாளர் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். வேலைக் கடிதத்தைக் காட்டினேன். அப்படியானால் நீங்களே போடலாம் என்றார்கள். போட்டுவிட்டேன். இனி என்னைப் பற்றிப் புகார் சொல்ல யாரும் உங்களுக்குப் போன் செய்ய மாட்டார்கள்.

பொறுப்பாளருக்கு இதுதான் என் கடைசிக் கடிதம். அண்ணனுக்கு எழுதிக்கொண்டேதான் இருப்பேன்; பதில் போட்டாலும் போடாவிட்டாலும்.

உங்கள் தங்கை