ரோஜாத் தொட்டியில் புதைத்த கப்

தம்பி,

எழுந்ததும் முதல்ல சாப்பிடு. அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. பத்து மணிக்கு பிளம்பர் வருவார், சமையலறைக் குழாயைக் காட்டு. கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டுல குடுத்துடு.

உங்க கம்பெனி பேப்பர் கப்போட புது லேபிள் இன்னிக்கு அச்சுக்குப் போகுதுன்னு தெரியும். நேத்து கேட்டியே, "குப்பைக் கிடங்குல நிக்கிற உனக்கு லேபிளைப் பத்தி என்ன தெரியும்?"னு. இன்னும் சுருக்குனு இருக்கு. பதிலை எழுதியே வச்சுட்டுப் போறேன்.

"மக்கும்"னு மட்டும் போட்டா, ஜனங்க நம்பி வீட்டுச் செடிக்குப் போடுவாங்க. உங்க கப்புக்குள்ள பூச்சு இருக்கு. குப்பையை உரமாக்குற ஆலையோட கடும் சூட்டுலதான் அது மக்கும். அதனால "உர ஆலையில் மட்டுமே மக்கும்"னு போடு. இடம் பத்தலன்னா அந்தப் பச்சை இலைப் படத்தைத் தூக்கிடு. மாத்தலன்னா நாளைக்கு உன் முதலாளி முன்னாடி நானே வந்து நிப்பேன். இது சும்மா மிரட்டல் இல்ல.

அக்கா

ஃப்ரிட்ஜ்ல அவிச்ச முட்டையும் இருக்கு. கோவத்துல சாப்பிடாம போயிடாத.

இன்னொண்ணு. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நீ பெருமையா கொண்டுவந்து குடுத்த கப்பை ரோஜாத் தொட்டியில புதைச்சு வச்சேன். பத்து மாசம் ஆச்சு. இன்னிக்குத் தோண்டி எடுத்துக் கழுவி, தண்ணி ரொப்பி, மேஜையில உன் லேபிள் பேப்பர் மேலயே வச்சிருக்கேன். பயப்படாத, பேப்பர் நனையாது.