ஒரு தடவை கேட்டால் போதுமா

ஹெரெஸ், சகாதேகாஸ்
மார்ச் 9, 1993

அன்புத் தங்கை அம்பாரோவுக்கு,

அக்கா எடெல்மிரா எழுதுவது. அமெரிக்காவிலிருந்து பஸ்ஸிலேயே உட்கார்ந்து மெக்சிகோ வந்து சேர்ந்ததில் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. உன் வயிற்றுத் தையல் எப்படி இருக்கிறது? அதைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மனதில் இருப்பதைக் கொட்டாமல் இருக்க முடியவில்லை. கோபித்துக்கொள், பரவாயில்லை.

உனக்குக் கருப்பையை எடுக்கிறார்கள் என்று கேட்டதும் போட்டது போட்டபடி ஓடி வந்தவள் நான். எழுந்து நிற்க முடியாத உன்னைப் பாதியில் விட்டு வந்தது என் விருப்பமா? எல்லாம் உன் வீட்டுக்காரன் செய்த வேலை! அன்று காலை சமையலறையில் நின்றுகொண்டு, அரைகுறை ஸ்பானிஷில், "நீ இன்னும் இருக்கணுமா, ஊருக்குப் போகணுமா?" என்று கேட்டான். மூத்தவளை 'நீ' என்கிறான், அது ஒரு பக்கம் கிடக்கட்டும். "உங்களுக்கு எதுக்குத் தம்பி தொந்தரவு, நான் கிளம்புறேன்" என்றேன். மனுஷன் என்றால் அடுத்து என்ன சொல்வான்? "என்ன அண்ணி பேச்சு இது, நீங்க போயிட்டா அவளை யாரு பாத்துக்குவா?" என்று சொல்ல வேண்டாமா? இந்த வெண்டல் "ஓகே" என்று தலையாட்டிவிட்டுப் போனை எடுத்து டிக்கெட் போட்டுவிட்டான்! பஸ் நிலையத்தில் என் பையையும் அவனே தூக்கி வந்தான், சிரித்த முகத்தோடு!

சாப்பாட்டிலும் இதே கதைதான். "இன்னும் வேணுமா?" என்பான். "வேண்டாம்" என்பேன். உடனே பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவான். உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் எனக்கு அரை வயிறுதான். எதிர்வீட்டுக்காரி ஏதோ ஒரு பதார்த்தத்தை வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் போயே போய்விட்டாள். நோயாளியை உள்ளே வந்து பார்க்காத அக்கம்பக்கம் என்ன அக்கம்பக்கம்? நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "அவ ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அவன் அறைக் கதவைச் சாத்துகிறான். இங்கே செத்தவரைக்கூட நாம் தனியாக விடுவதில்லையடி!

உன் அக்கா,
எடெல்மிரா

ஒட்டம்வா, அயோவா
மார்ச் 24, 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வை.

நீ கொட்டியதைப் படித்ததும் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. "உன் அக்காவுக்கு ஊருக்குப் போகணுமாம், நான் தடுத்தா மரியாதை இல்ல" என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் முகம் வாடியிருந்தது. உன் எதிரில் சிரித்தது உனக்காக. இங்கே ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி வற்புறுத்தினால், சொன்னவர் பேச்சை நாம் நம்பவில்லை என்று ஆகிவிடும். வளர்ந்த பெண்பிள்ளை நீ சொன்னதை அவர் அப்படியே நம்பினார். அதுவா குற்றம்?

நீங்கள் மட்டும் என்னவாம்? கல்யாணமான புதிதில் அவரை அங்கே கூட்டி வந்தேன். "இது உங்க வீடு தம்பி" என்று நீதான் சொன்னாய். அதை நம்பி உன் ஃபிரிட்ஜைத் திறந்து பாலைக் குடித்தார். தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்! "இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன், ரெடியா இருங்க" என்றார் காசிமிரோ அத்தான். அதையும் நம்பி என் வீட்டுக்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை வாசலில் நின்றார். அவர் ஒரு வார்த்தை குறை சொன்னாரா? நினைப்பது ஒன்று, சொல்வது ஒன்று என்று இருந்துவிட்டு, புரியவில்லை என்று அடுத்தவர்மேல் பாய்கிறாயே!

தங்கை,
அம்பாரோ

ஹெரெஸ்
ஏப்ரல் 11, 1993

அம்பாரோ,

பாலை நான் மறந்தே போனேன். நீதான் இத்தனை வருஷம் மனதில் வைத்திருக்கிறாய்.

சரி, அவன் வெளியாள், அவனுக்குத் தெரியாது. நீ? என்னோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவள்தானே நீ? பையோடு உன் கட்டிலருகே வந்து நின்றேன். எதற்கு நின்றேன்? "இரு அக்கா" என்ற ஒரு வார்த்தைக்கு. நீ என்ன சொன்னாய்? "உன் இஷ்டம் அக்கா" என்றாய். என் இஷ்டமாம்! அதைக் கேட்டுத்தான் பஸ்ஸில் ஏறினேன். வெண்டல் துரத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண் கைக்குட்டை கொடுக்கும் அளவுக்கு அழுதேன்.

இனி அக்கா என்று எழுதாதே.

எடெல்மிரா

ஒட்டம்வா
மே 2, 1993

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

தையலில் சீழ் வைத்துவிட்டது. மறுபடி கீறி, மறுபடி தைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தாநாள்தான் வீடு வந்தேன். அவர் லீவு எல்லாம் தீர்ந்து, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

'இரு' என்ற வார்த்தை அன்று தொண்டை வரை வந்தது. நீ நிஜமாகவே போக நினைத்து, என் பேச்சுக்காக இருந்துவிட்டால்? அப்படித்தான் யோசித்தேன். இதை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? முன்பெல்லாம் நான் இப்படி யோசிப்பவளா? எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு நான் இன்னும் வேற்றாள், உனக்கும் வேற்றாளாகிவிட்டேன்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பிறகு, "நாம கூப்பிட்டா வருவாங்களா? வேண்டாம்னு சொன்னா எத்தனை தடவை கேட்கணும்?" என்றார். கேலி இல்லை அக்கா, அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு வந்த சிரிப்பில் தையல் பிடித்து இழுத்தது, அப்புறம் அழுகையும் வந்தது.

என்னால் தனியாக இருக்க முடியவில்லை. வா.

அம்பாரோ

ஹெரெஸ்
மே 13, 1993

அம்பாரோ,

அவன் ஒரு தடவைகூடக் கேட்க வேண்டாம் என்று சொல். கிளம்பிவிட்டேன். கோழிகளை அத்தான் பார்த்துக்கொள்வார், அவரைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அங்கே வந்து நேருக்கு நேர் சண்டை போட நிறைய இருக்கிறது. உன் அறைக் கதவு திறந்தே இருக்கும். எதிர்வீட்டுக்காரியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து உட்காரவைப்பேன், வேண்டாம் என்றாலும் விடமாட்டேன். எனக்குப் பசித்தால் பசிக்கிறது என்றே சொல்கிறேன். அவ்வளவுதான் என்னால் மாற முடியும். மீதிக்கு அவன் மாறட்டும்.

நான் வந்து சேரும்வரை துணிக்கூடையைத் தூக்காதே.

உன் அக்கா